தங்கம் போயித்து மாமா

போன கிழமை அக்காவின் மகன் கல்லடிக் கடற்கரையில், அடம்பன் கொடியில் இருந்த ஒரு வண்டைப் பிடித்து நெருப்புப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தான். மூக்குத்தியைவிடக் கொஞ்சம் பெரிது, ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி, நடுவில் அசல் தங்க நிறம். அடுத்த நாள் காலையில் திறந்தால் வண்டு செத்து, வெறும் மண்ணிறமாகக் கிடக்கிறது. "தங்கம் போயித்து மாமா" என்று பெட்டியை என்னிடம் நீட்டினான், என்னவோ நான்தான் எடுத்துவிட்ட மாதிரி.

அது ஆமை வண்டு, இலைவண்டுக் குடும்பம். அந்தத் தங்கம் சாயம் இல்லை. ஓட்டில் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய படலங்களில் ஈரம் இருக்கும்வரை வெளிச்சம் பட்டு மினுங்கும், ஈரம் காய்ந்தால் நிறமும் போய்விடும். நாங்கள் சின்னதில் பிடித்து விளையாடிய பொன்வண்டு வேறு, அது செத்தாலும் பளபளக்கும்.

சரி, எங்கே பிடித்தாய் காட்டு என்று அவனோடு போனேன். தாழைப் பற்றைக்குப் பக்கத்தில் அடம்பன் இலைகளெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தன. ஒரு இலையைத் திருப்பினால் அடியில் முள்ளு முள்ளாக ஒரு புழு, கழற்றிய தோலையும் தன் பீயையும் வாலில் சேர்த்து முதுகுக்கு மேலே குடை மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஈர்க்கால் தொட்டால் குடையை அந்தப் பக்கம் சாய்க்கிறது! பையன் அரை மணித்தியாலம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை, உண்மையைச் சொன்னால் நானும்தான்.

இந்தக் குடும்பத்து வண்டுகள் பலவற்றுக்கு வாய் ரொம்பப் பொல்லாதது, ஒரு செடி, இல்லாவிட்டால் அதன் சொந்தக்காரச் செடி, வேறெதையும் தொடாது. அடம்பனும் வத்தாளைக் கிழங்கும் கங்குன் கீரையும் சொந்தக்காரச் செடிகள் என்பதால் ஆமை வண்டுகளுக்கு இங்கே கஷ்டமில்லை. இங்கிலாந்தில் யோர்க் பக்கம் ஊஸ் ஆற்றங்கரையில் இருக்கும் டான்சி வண்டுக்குத்தான் கஷ்டம். மரகதப் பச்சையில் மினுங்கும் இலைவண்டு அது, மஞ்சள் பொத்தான் மாதிரிப் பூக்கும் டான்சிச் செடியைத் தின்று வாழ்வது. குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்துவிட்டு வசந்தத்தில் மேலே வரும். அந்த ஆற்றோரத்தில் ஏறத்தாழ 45 கிலோமீற்றர் நீளத்துக்குள்தான் பிரித்தானியாவில் அதன் முக்கியமான கூட்டமே இருக்கிறது. பிறகு 2014இல் கேம்பிரிட்ஜ்ஷயர் சதுப்பு ஒன்றிலும் கண்டுபிடித்தார்கள், அங்கே எப்பவோ அழிந்துபோனது என்று நினைத்திருந்த வண்டு.

செட்டை இருந்தும் அது பறப்பதைக் கண்டவர்கள் அரிது, நடந்துதான் போகும். அப்போ ஒரு டான்சிப் புதரை ஆடுமாடு மேய்ந்துவிட்டாலோ, வில்லோ மரம் வளர்ந்து நிழல் மூடினாலோ, அடுத்த புதர் தூரத்தில் இருந்தால் கதை முடிந்தது. இதில் இன்னொரு எதிரி இமயமலையிலிருந்து அழகுக்காகக் கொண்டுபோன காசித்தும்பை, நம் முற்றத்துக் காசித்தும்பையின் சொந்தம், அங்கே ஆற்றங்கரை முழுக்கப் படர்ந்து டான்சியை அமுக்குகிறது. அதனால் அங்கே வண்டைக் காப்பாற்றப் போகிறவர்கள் முதலில் செய்வது களை பிடுங்கி டான்சி நடுவதுதான்.

இங்கே மேடைக்கு மேடை 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்கிறோம், கொடியை யார் பார்க்கிறார்கள்? மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். ஆனால் கொஞ்ச தூரம் தள்ளி யாரோ கடற்கரையைத் துப்புரவு செய்கிறோம் என்று போத்தல், பொலித்தீனோடு கொடியையும் வேரோடு வாரியிருந்தார்கள். மணல் வெள்ளை வெளேரென்று நல்ல வடிவுதான். அந்தத் துண்டில் நாங்கள் தேடிய மட்டும் ஒரு வண்டும் இல்லை, இலை இருந்தால்தானே.

பையன் இப்போது நெருப்புப் பெட்டி கொண்டுவருவதில்லை. கொப்பி கொண்டுவருகிறான், ஓட்டை விழுந்த இலைகளை எண்ணுகிறான். நேற்று அறுபத்திமூன்றில் எண்ணிக்கை பிசகி, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினான்.