ஃபேன்டசி ஹாக்கி டிராஃப்ட்: தரவரிசையை அப்படியே நம்பலாமா?

ஃபேன்டசி ஹாக்கியில் நிஜ ஐஸ் ஹாக்கி வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைப்போம்; அவர்கள் களத்தில் ஆடுவதைப் பொறுத்து நமக்குப் புள்ளி. வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். பொதுத் தரவரிசை உங்கள் லீகுக்காகப் போட்டதல்ல. ஹிட் (எதிராளியை உடலால் மோதுவது), பிளாக் (எதிரணி ஷாட்டை உடலால் தடுப்பது) இரண்டுக்கும் புள்ளி உண்டென்றால், கோல் அடிக்காத முரட்டு டிஃபென்ஸ்மேன்களைப் பல படி மேலே ஏற்றியே ஆகவேண்டும். அதனால் முதலில் புள்ளி விதி, பிறகுதான் பட்டியல்.

எண் வரிசையைவிட அடுக்குகள், அதாவது ஏறக்குறைய சமமான வீரர்களின் குழுக்கள், முக்கியம். எதிர்பார்க்கும் புள்ளிகள் சட்டென்று சரியும் இடத்தில் கோடு போடுங்கள். 12 அணி ஸ்னேக் டிராஃப்டில் (சுற்றுக்குச் சுற்று தேர்வு வரிசை தலைகீழாகும் முறை) முதல் தேர்வு உங்களுடையது என்றால், அடுத்து உங்களுக்கு வருபவை 24, 25-ஆவது தேர்வுகள். இடையில் 22 பேர் போய்விடுவார்கள். அடுக்கில் இருவர்தான் மிச்சமென்றால் அவர்களுக்காகக் காத்திருப்பது வீண்.

கோலிதான் (கோல்கீப்பர்) தலைவலி. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லில் 32 அணிகள், முதன்மைக் கோலிகளும் ஏறக்குறைய அவ்வளவுதான். உங்கள் லீகின் 12 பேரும் ஆளுக்கு இரண்டு கோலி எடுத்தாலே 24 பேர் காலி. ஒரு சீசனில் 50 ஆட்டங்களுக்கு மேல் நிற்பவர்கள் கொஞ்சம்தான். அடுத்தடுத்த நாள் ஆட்டம் வந்தால் பெரும்பாலும் மாற்றுக் கோலியை இறக்கிவிடுவார்கள். சென்டர்கள் (நடுவில் ஆடும் தாக்குதல் வீரர்கள்) தாராளமாகக் கிடைப்பார்கள், அவசரமில்லை. விங்கராகவும் (ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர்) நிறுத்தத் தகுதியுள்ள சென்டர் என்றால் மட்டும் ஒரு சுற்று முன்பே எடுங்கள்.