டப்பாவைத் திருப்பிப் பார்ப்பேன்

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா காட்பாடியில் என்னைப் பார்க்க வந்தார். கையில் புரோட்டீன் பவுடர் டப்பா. "சர்க்கரைக்காரருக்கு இதைக் குடுக்கலாமா மேடம்?" கணவருக்காகக் கேட்டார்.

டப்பாவைத் திருப்பினேன். மூலப்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. இதில் முதல் பெயரே மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்திலிருந்து எடுக்கும் ஒரு பொடி. முன்பக்கத்தில் 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்றிருந்தாலும், இது ரத்தச் சர்க்கரையைக் கிடுகிடுவென ஏற்றிவிடும். அப்புறம் புரதம்: 30 கிராம் பவுடருக்கு 6 கிராம்தான். ஒரு முட்டையிலேயே ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கும்! இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் இருந்தது. சரி, ஆனால் அது உரிமம். அக்காவின் கணவர் உடம்புக்கு ஒத்துவரும் என்ற உத்தரவாதம் இல்லை.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்காமல் நான் எந்தப் புரதப் பவுடருக்கும் தலையாட்டுவதில்லை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு அவரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.