நீலகிரி மலை ரயில் எஞ்சினை லெகோவில் வடிவமைக்கிறேன்: நாட்குறிப்பு, 2024

ஜூன் 2

அடுத்த மாடல் எது என்று முடிவாகிவிட்டது. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின். ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் எஸ்.எல்.எம். கம்பெனி 1914-ல் தொடங்கிச் செய்துகொடுத்த எஞ்சின் இது. இந்த வகையில் புதியவற்றைப் பின்னாளில் நம் பொன்மலைப் பணிமனையிலேயே கட்டினார்கள்.

லெகோ பிளாஸ்டிக் கட்டைகளில் நீராவி எஞ்சின் என்றாலே எல்லோரும் நீளமான எக்ஸ்பிரஸ் எஞ்சின் பக்கம்தான் போகிறார்கள். 2009-ல் எமரால்ட் நைட் என்ற லெகோ ரயில் தொகுப்போடு பெரிய ஓட்டுச் சக்கரங்கள் வந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. எனக்கு இந்தக் குட்டையான, கனத்த மலை எஞ்சின்தான் அழகு. உள்ளங்கையில் அடங்கும் அளவில் வேண்டும்.

ஜூன் 4

எந்த அளவில் செய்வது? சக்கரத்தை முதலில் தேர்ந்தெடுத்து அதற்கேற்ப அளவு வைப்பது வழக்கம். நான் தண்டவாளத்தில் தொடங்கினேன். இது மீட்டர் கேஜ். தண்டவாள இடைவெளி 1000 மி.மீ. ஸ்டட் என்பது லெகோ கட்டையின் மேலுள்ள குமிழ், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 8 மி.மீ. மாடலில் தண்டவாள இடைவெளியை இரண்டு ஸ்டட்டாக, அதாவது 16 மி.மீ. ஆக வைத்தால் 62.5-க்கு 1 என்ற அளவு வருகிறது. இந்த அளவில் ஒரு ஸ்டட் சரியாக அரை மீட்டர். பிளேட் என்ற மெல்லிய தட்டைத் துண்டின் உயரம் 3.2 மி.மீ., அது சரியாக 20 செ.மீ. இனிமேல் கால்குலேட்டரே வேண்டாம். படத்தைப் பார்த்தாலே பிளேட் கணக்கு மனதில் ஓடும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மலைப்பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும். லெகோவில் 24 ஸ்டட் நீளத்துக்கு ஐந்து பிளேட் உயர்த்தினால் அதே 12-க்கு 1. சமதளத்தில் நிற்கும் எக்ஸ் எஞ்சின் எனக்குப் பாதி எஞ்சின்தான். அதனால் சரிவையும் சேர்த்தே வடிவமைக்கப் போகிறேன்.

ஜூன் 9

மேட்டுப்பாளையம் போய்விட்டு வந்தேன். காலை 7.10 வண்டி. எஞ்சின் பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் நின்று மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். பக்கவாட்டிலிருந்து நிறையப் படம் எடுத்தேன். பக்கத் தண்ணீர்த் தொட்டிகள் கொதிகலனை நன்றாக மறைக்கின்றன. சிறிய அளவில் செய்பவனுக்கு இது பெரிய உதவி. முன்முகத்தை மட்டும் வட்டமாகக் காட்டினால் போதும்.

ஜூன் 15

இன்று முழுக்க சிலிண்டர்தான்.

எக்ஸ் எஞ்சினின் அடையாளமே அதன் நான்கு சிலிண்டர்கள். பக்கத்துக்கு இரண்டு, ஒன்றன் மேல் ஒன்று. கீழே உள்ளது உயர் அழுத்த சிலிண்டர். சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகிறது. மேலே உள்ளது தாழ் அழுத்த சிலிண்டர். தண்டவாளங்களுக்கு நடுவே பற்களோடு கிடக்கும் பல்சட்டத்தில் பிடித்து ஏறும் பல்சக்கரங்களை ஓட்டுகிறது. கல்லாறு வரை கீழ் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யும். பல்சட்டப் பாதை தொடங்கியதும், கீழே வேலை முடித்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மேல் சிலிண்டருக்குப் போகும். ஒரே நீராவியிடம் இரண்டு முறை வேலை வாங்குகிறார்கள். இதைக் காட்டாத மாடல் வேறு ஏதோ ஓர் எஞ்சினாகத்தான் இருக்கும்.

கைப்பிடி, விளக்கு, மணி எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கலாம், இதை மட்டும் முடியாது. ஸ்டட் முன்பக்கம் பார்க்கும் பிராக்கெட் என்ற மடங்கிய துண்டு ஒன்றை வைத்து, 1x1 வட்ட பிரிக்குகளை மேலும் கீழுமாகப் படுக்க வைத்தேன். இரண்டு ஸ்டட் என்றால் 16 மி.மீ., ஐந்து பிளேட் என்றாலும் 16 மி.மீ. படுத்திருக்கும் சிலிண்டர் ஜோடி, நிமிர்ந்து நிற்கும் உடலோடு ஒரு மில்லி கூடப் பிசகாமல் பொருந்தியது. தண்டுகளுக்குச் சாம்பல் நிறக் கம்பித் துண்டுகள்.

ஜூன் 16

உடல் அகலம் ஐந்து ஸ்டட். புகைப்போக்கி நட்டநடுவில் நிற்க ஒற்றைப்படை எண் வேண்டும். கீழே சக்கரங்களுக்கு இரட்டைப்படை. இரண்டுக்கும் இடையில், மையத்தில் ஒரே ஸ்டட் உள்ள ஜம்பர் பிளேட் வைத்து அரை ஸ்டட் நகர்த்திக்கொண்டேன். சக்கரங்களுக்கு டயர் போடாத 11 மி.மீ. ரிம்.

ஜூன் 23

பல்சட்டம். நீலகிரியில் இருப்பது ஆப்ட் முறை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல்சட்டங்கள் அருகருகே ஓடும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும்படி பாதிப் பல் தள்ளி வைத்திருப்பார்கள். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடித்துக்கொண்டே இருக்கும்.

பல்சக்கரம், அச்சு எல்லாம் உள்ள லெகோ டெக்னிக் வரிசையில் நான்கு ஸ்டட் நீளப் பல்சட்டம் உண்டு, அதில் பத்துப் பற்கள். ஒரு ஸ்டட்டுக்கு இரண்டரைப் பல். அப்படியென்றால் ஒரு சட்டத்தை ஒரே ஒரு ஸ்டட் தள்ளி வைத்தால் மிகச் சரியாகப் பாதிப் பல் தள்ளிப் போகிறது! இதைக் கண்டதும் எழுந்து வீட்டுக்குள் ஒரு நடை நடந்துவிட்டு வந்துதான் மறுபடி உட்கார்ந்தேன்.

எஞ்சினுக்கு அடியில் எட்டுப் பல் சக்கரம். ஒரே அச்சில் இரண்டு போட முடியாது. அச்சு கூட்டல் குறி வடிவம், அதன் நான்கு கைகளால் எட்டு மீதமில்லாமல் வகுபடும். சக்கரத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் பற்கள் நேர்கோட்டில்தான் வரும். அதனால் முன்னும் பின்னுமாக இரண்டு அச்சு, ஆளுக்கு ஒரு சட்டம். அச்சில் புஷ் என்ற வளையத்தை இறுக்கிவிட்டால் மாடல் சரிவில் தன் பல்லிலேயே பிடித்து நிற்கும். அளவுப்படி பார்த்தால் சட்டங்கள் பருமன்தான், தண்டவாள இடைவெளியையே நிரப்பிவிடுகின்றன. இருக்கட்டும். பல் மாறி மாறி வருவது கண்ணுக்குத் தெரிவதுதான் முக்கியம்.

ஜூன் 29

முழு எஞ்சினையும் கணினியில் வரைந்து முடித்தேன். ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-ல் தொடங்கிய எல்டிரா முறையில் ஸ்டட் 20 அலகு, பிளேட் 8 அலகு. அரை ஸ்டட் நகர்த்தல்களையெல்லாம் எண்ணாகவே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். திரையில் எந்தத் துண்டுக்கும் எந்த நிறமும் கொடுக்கலாம், ஆனால் அந்த நிறத்தில் அந்தத் துண்டு தயாரிக்கப்பட்டிருக்க வேண்டுமே! தொட்டிக்குச் சாதாரண நீலத்தையே எடுத்துக்கொண்டேன். அதில் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை.

ஜூலை 7

துண்டுகள் வந்து, கட்டியும் ஆயிற்று. 24 ஸ்டட் சரிவில், ஐந்து பிளேட் ஏற்றத்தில், கைவிட்ட பிறகும் எஞ்சின் அப்படியே நிற்கிறது. மேசையைத் தட்டிப் பார்த்தேன், நகரவில்லை.

அடுத்தது எஞ்சினுக்கு முன்னால் ஒரு பெட்டி, நீலமும் கிரீமும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் நிற்பார், எஞ்சினின் விசில் கேட்டு இயக்குவார். இந்த அளவில் ஆள் மூன்றரை ஸ்டட் உயரத்துக்கும் கொஞ்சம் குறைவு. அவர் நிற்கும் மேடைக்கு ஒரு ஸ்டட் ஆழம் ஒதுக்கிவிட்டுத்தான் பெட்டியின் நீளத்தை முடிவு செய்யப்போகிறேன்.