இருபது கொண்டை ஊசி, ஒரு விரல் பாம்பு

சேலத்துக்காரனுக்கு ஏற்காடு மலை இல்லை, மிளகாய் பஜ்ஜி. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தால் முப்பது கிலோமீட்டர். ஏரியைச் சுற்றி ஒரு நடை, கையில் பஜ்ஜிப் பொட்டலம், இருட்டுவதற்குள் இறக்கம். எத்தனை முறை ஏறியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை. "உள்ளூர்க்காரன் எவனாவது ரூம் போடுவானா?" என்பது எங்கள் வீட்டு நியாயம்.

அந்த நியாயத்தை உடைத்தவன் அக்கா மகன். விலங்கியல் படிக்கிறான். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்து, "மாமா, நாளைக்கு மேல போலாமா? மழை பெய்யறப்பதான் போகணும்" என்றான். அக்கா திட்டினாள். இருவரும் கிளம்பிவிட்டோம். அட்டை கடிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு பொட்டலம் உப்பு வேறு எடுத்துக்கொண்டேன்.

அடிவாரம் தாண்டும்போது தூறல்தான். பாதி ஏற்றம் வரை கீழே சேலமும் சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளை மேடுகளும் தெரிந்தன. அப்புறம் மேகத்துக்குள் புகுந்துவிட்டோம். ஹெட்லைட் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் முட்டியதுபோல நின்றது. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் போட்டிருக்கும் பலகைகளை வைத்துத்தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்தோம். மேலே ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதை மரியாதை. எதிரே வந்த ஒரு வேன் அதை மறந்துவிட, பைக்கோடு ஓரச் சுவரை உரசி நின்றேன். சாகசம் இலவசமாகவே கிடைத்தது.

மதியம் கிளியூர் அருவி. ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே போய் விழுகிறது. வெயில் காலத்தில் பாறையில் ஈரக்கோடு மட்டும் பார்த்துத் திரும்பியவன் நான். அன்று முந்நூறு அடி உயரமும் ஒரே இரைச்சல், ஆனால் பாதி உயரத்துக்கு மேல் மேகம் மூடியிருந்ததால் தண்ணீர் வானத்திலிருந்து நேராக விழுவதுபோல் இருந்தது. இறங்கும் வழி பாசி. ரப்பர் செருப்போடு வந்த என் புத்தியை என்ன சொல்வது! ஒரே சறுக்கல், முட்டியில் சிராய்ப்பு. குரங்குகள் பார்த்துக்கொண்டிருந்தன. அட்டை ஒன்றுகூட வரவில்லை. உப்பு, மேலே ஏறி வந்தபின் வாங்கிய கொய்யாவுக்குப் பயன்பட்டது.

தங்கிய இடத்தில் வெந்நீர் வரவில்லை, கரன்ட்டும் போய்விட்டது. அதனால்தான் காதைத் தீட்டினோம் என்று நினைக்கிறேன். சுற்றிலும் காப்பித் தோட்டம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர். மேலே நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் படர்ந்த மிளகுக் கொடி. அந்த இருட்டுக்குள் எங்கிருந்தோ யாரோ கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டுவதுபோல் ஒரு சத்தம். ஒன்று நிறுத்தினால் இன்னொன்று. "புதர்த்தவளை மாமா. கட்டைவிரல் அளவுதான் இருக்கும்" என்றான். ஒன்றையும் பார்க்க முடியவில்லை. டார்ச் அடித்த பக்கம் சத்தம் நின்றுவிடும்.

எட்டரை மணிக்குத் தோட்டத்துக் காவல்காரர் வந்து, "வெளிய வராதீங்க, மாடு நிக்குது" என்றார். அவர் மாடு என்றது காட்டெருமையை. முப்பதடி தள்ளி வேலியோரம், மழையில் நனைந்து பளபளக்கும் கருப்பு மலை. நாலு காலுக்கும் வெள்ளைக் காலுறை. காளை ஒரு டன் வரை எடை வருமாம். உண்மையில் எருமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது மாட்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று மருமகன் கிசுகிசுத்தான். ஆக, காவல்காரர் சொன்னதுதான் சரி! அது மூச்சு விடுவது எங்களுக்குக் கேட்டது. படம் எடுக்கலாம் என்றால் லென்ஸ் முழுக்க ஆவி. துடைத்து முடிப்பதற்குள் சத்தமில்லாமல் போய்விட்டது. அவ்வளவு பெரிய உடம்பு எப்படிச் சத்தமில்லாமல் போகும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஊருக்குப் போய்ச் சொல்ல இது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் காலை சேர்வராயன் கோயில் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது அவன் திடீரென்று என் சட்டையைப் பிடித்து இழுத்தான். தார் ரோட்டில் ஒரு விரல் தடிமனில் கருப்பாக ஏதோ நெளிந்தது. நான் பெரிய மண்புழு என்று நினைத்தேன். அவன் ரோட்டிலேயே குப்புறப் படுத்துவிட்டான். கேடயவால் பாம்பு. வால் நுனி சீவிவிட்டதுபோல் மொட்டையாக, சொரசொரப்பாக இருந்தது. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மண்புழு தின்னும். விஷம் கிடையாது, குட்டி போடும். இந்த இனத்தில் ஒரு வகை, உலகத்திலேயே ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் மட்டும்தான் இருக்கிறதாம். 1863இல் பெடோம் என்பவர் அதை விவரித்து, ஜான் ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரை வைத்திருக்கிறார்.

"அதுதானா இது?" என்றேன்.

"இருக்கலாம் மாமா. செதில் எண்ணாம சொல்லக் கூடாது."

படிக்கிற பிள்ளை, அவசரப்படவில்லை. நான்தான் அவசரப்பட்டேன். வளைவுக்கு அந்தப் பக்கம் கார் ஹாரன் கேட்டது. நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் வீசினேன். கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "என்ன சார், ஆக்சிடென்ட்டா?" என்றார். "பாம்பு" என்றதும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அதற்குள் ஒரு காய்ந்த இலையில் அதை ஏற்றி, ஓரத்து மண்ணில் விட்டுவிட்டான். தலையை நுழைத்த வேகத்தில் காணாமல் போனது. திரும்பி வரும் வழியில், இருநூறு அடிக்குள் நசுங்கிய இரண்டைப் பார்த்தோம். மழை பெய்தால் வெளியே வருகிறது, வந்தால் ரோடு. எத்தனை மழை நாளில் நான் இந்த வழியாகப் பஜ்ஜிக்குப் பறந்திருக்கிறேன்!

இறங்கும்போது வண்டியின் வேகம் இருபதைத் தாண்டவில்லை. பின்னால் ஒரே ஹாரன். மூன்று முறை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். இரண்டு முறை சுள்ளி. மூன்றாவது, சைக்கிள் டியூப் துண்டு.