ஏறு நெற்றியும் இரண்டு வருஷ மருந்தும்

மினாக்சிடில் என்ற, தலையில் தடவும் முடி மருந்தின் ஐந்தாவது பாட்டில் காலியான அன்றைக்குத்தான் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை விரித்துப் படித்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. இந்த மருந்து உச்சந்தலை வழுக்கைக்கு, முன்நெற்றி ஏறுவதற்கு அல்ல என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. எங்கே தடவ வேண்டும் என்று காட்டும் படத்திலும் உச்சியில்தான் வட்டம். நானோ ஐந்து மாதமாகக் காலையும் இரவும் இரண்டு பொட்டுக்கும் மேலே, நெற்றி மூலையில் தடவிக்கொண்டிருந்தேன். உச்சியில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அந்தக் கோபத்தில் எழுத ஆரம்பித்தது இது. முடிக்க இன்னும் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. கோபம் பாதி தணிந்திருக்கிறது. டி.எச்.டி. என்ற ஆண் ஹார்மோன் என்ன செய்கிறது, அதனால் முடிவேர் எப்படிச் சுருங்குகிறது என்பதெல்லாம் இதைப் படிக்க வருகிறவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

முதல் தண்டப் பயணம் ஒரு முடி கிளினிக்குக்கு. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் என்னை உட்காரவைத்து, தலையில் தண்ணீர் தெளித்து, முன்முடியைப் பின்னால் வாரி, நேர் மேலே இருந்த விளக்கைப் போட்டுப் படம் எடுத்தார். அப்படி எடுத்தால் யாருக்கும் பாதித் தலை காணாமல் போகும். படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, "இப்பவே ஆரம்பிக்கலேன்னா ஆறு மாசத்துல எல்லாம் போயிடும் சார்" என்றார். ஊசி, ஷாம்பு, மாத்திரை எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். டாக்டர் எப்போது பார்ப்பார் என்று கேட்டேன். "ரிப்போர்ட் அவருக்குப் போயிடும் சார்." அதாவது என் தலையை டாக்டர் பார்க்கவே போவதில்லை. கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தது நான் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம். எடுத்த படங்களைக் கேட்டு வாங்காமல் வந்தது அதே அளவு முட்டாள்தனம். பிற்பாடு தோல் டாக்டர் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டபோது அங்கே போன் போட்டேன். சேராதவர்களுடைய ஃபைலை வைத்துக்கொள்வதில்லை என்று பதில் வந்தது.

அதற்கப்புறம் ஒரு நண்பன் பேச்சைக் கேட்டு ஐந்து சதவீத மினாக்சிடில் நானே வாங்கினேன். சீட்டுகூடக் கேட்கவில்லை. இரண்டு தப்பு செய்தேன்.

ஒன்று, சொட்டுக்குழாயை நெற்றி ஓரத்தில் வைத்து அழுத்தியது. மருந்து தண்ணீர் மாதிரி. முடியே இல்லாத இடத்தில் ஊற்றினால் எங்கே நிற்கும்? புருவம் வரைக்கும் வழியும். நான் கையால் துடைத்து, அதே கையால் கன்னத்தையும் தடவிக்கொள்வேன். மூன்றாவது மாதம் ஜன்னல் ஓரம் நின்று முகம் மழிக்கும்போது பார்த்தேன்: கண்ணுக்குப் பக்கவாட்டில், கன்னத்து மேட்டில், கருகருவென்று பூனைமுடி. கேட்ட இடத்தில் ஒன்றும் வரவில்லை, கேட்காத இடத்தில் பயிர் ஏறிவிட்டது! விரல் நுனியில் எடுத்து முடிக்கு உள்ளிருந்து ஓரத்தை நோக்கித் தடவ வேண்டும், உடனே கையைக் கழுவ வேண்டும், தலையணையில் சாய்வதற்கு முன்னால் நன்றாகக் காய வேண்டும். வீட்டில் பூனை வளர்க்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்த மருந்து பூனைக்கு விஷம், தலையணையை நக்கினாலே ஆபத்து.

இரண்டாவது தப்பு, நடுவில் நிறுத்தியது. ஆரம்பித்து ஐந்தாறு வாரத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. குளித்துவிட்டுத் துடைத்தால் துண்டெல்லாம் முடி. பயந்துபோய் மூன்று வாரம் தொடவே இல்லை. உதிரும் கட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்த முடிகளைத் தள்ளிவிட்டுப் புது முடி கிளம்பும்போது இப்படித்தான் கொட்டுமாம், பலருக்கும் நடப்பதாம். நான் பாதியில் நிறுத்தி, திரும்ப ஆரம்பித்து, இரண்டாவது முறையும் கொட்டவிட்டேன். ஒரே தண்டனையை இரண்டு தடவை அனுபவித்த ஆள் நான்.

அரிப்பைப் பற்றி ஒரு வரி: நீர் மருந்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நுரை வடிவத்துக்கு மாறினேன், அரிப்பு நின்றது.

தாளைப் படித்த மறு வாரம் தோல் டாக்டரிடம் போனேன். முதல் தடவையே இங்கே வந்திருக்க வேண்டும். பேனா அளவு லென்ஸை நெற்றி ஓரத்தில் வைத்து, திரையில் காட்டினார். தடித்த முடியும் மெலிந்த முடியும் பக்கத்துப் பக்கத்தில், அப்பாவும் பிள்ளையும் கைகோத்து நிற்பது மாதிரி. இப்படிக் கலந்து இருந்தால் பரம்பரை வழுக்கைதான், வேறு நோய் இல்லை என்றார். பிறகு லென்ஸை இரண்டு விரற்கடை மேலே, மூலைக்குக் கொண்டுபோனார். அங்கே தோல் பளபளவென்று இருந்தது, ஒரு பூனைமுடிகூட இல்லை.

"இந்த இடத்தை மறந்துடுங்க. அந்த ஓரம் இருக்கு பாருங்க, மெலிஞ்சு நிக்குதே, அதைத்தான் நம்மால காப்பாத்த முடியும்."

ஒன்றரை நிமிஷத்தில் சொன்ன இந்த வார்த்தையை எனக்கு முன்னாடியே யாரும் சொல்லவில்லையே என்றுதான் இன்றைக்கும் ஆற்றாமை.

பெட்டித்தாள் விஷயத்தைக் கேட்டேன். சிரித்தார். மினாக்சிடில் முதலில் ரத்தக் கொதிப்பு மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவும் மருந்தாக்கி, 1988-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். அனுமதிக்காகச் சோதித்தது உச்சந்தலையில், அதனால் தாளிலும் உச்சந்தலை. முன்னால் வேலையே செய்யாது என்று அதற்கு அர்த்தம் இல்லையாம். பிற்பாடு நுரையைப் பொட்டுப் பகுதியிலும் தடவிப் பார்த்திருக்கிறார்கள், அங்கேயும் அடர்த்தி கூடியது. ஆனால் உயிரோடு இருக்கும் வேரைத்தான் அது தட்டி எழுப்பும். மூலையில் எழுப்ப யாரும் இல்லை.

அதோடு டி.எச்.டி.யைக் குறைக்கும் ஃபினாஸ்டரைட் மாத்திரை, 1 மில்லிகிராம், எழுதிக் கொடுத்தார். இந்த முறை வாங்குவதற்கு முன்னாடியே தாளைத் தேடிப் படித்தேன், சூடு கண்ட பூனை ஆயிற்றே. உச்சந்தலைக் கணக்கு பிரமாதமாக இருந்தது. ஒரு அங்குல விட்டமுள்ள வட்டத்தில் சராசரி 876 முடி இருந்தவர்களில், மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஒரு வருஷத்தில் 107 முடி வித்தியாசம். சரி, முன்பக்கம்? முன்பக்க வழுக்கைக்கென்றே 326 ஆண்களை வைத்து ஒரு வருஷம் தனியாக நடத்திய சோதனை இருந்தது. முடிவு நல்லதாகவே இருந்தது. சந்தோஷப்பட்டு அடுத்த வரிக்குப் போனால், முடியை எண்ணிய இடம் தலையின் முன் நடுப்பகுதி என்றும், பொட்டு மூலைகளும் நெற்றி ஓரமும் அதில் சேர்த்தி இல்லை என்றும் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள்! மூலை ஏற்றத்துக்குப் பலன் நிறுவப்படவில்லை என்று வேறொரு இடத்தில். நமக்கு வேண்டியதெல்லாம் அடைப்புக்குறிக்குள்தான் இருக்கும் போல. "முன்பக்கத்துக்கும் வேலை செய்யும்" என்று யாராவது சொன்னால், முன்பக்கத்தில் எந்த இடம் என்று கேளுங்கள்.

அடுத்தது மருந்துக் கடை. வீட்டுக்கு வந்து ஸ்ட்ரிப்பைத் திருப்பினால் 5 மில்லிகிராம் என்று இருந்தது. அது புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கிற அளவு, இந்த மருந்தே 1992-ல் அதற்காக வந்ததுதான். திரும்பப் போனேன்.

"அதே மருந்துதான் சார். நாலா உடைச்சுப் போட்டுக்குங்க."

வீட்டில் மனைவி அப்போது நான்கு மாதம். ஆண் குழந்தையாக இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால், கர்ப்பமாக இருப்பவர்கள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்று டாக்டர் இரண்டு தரம் சொல்லி அனுப்பியிருந்தார். முழு மாத்திரைக்கு மேல்பூச்சு இருக்கிறது, உடைத்தால் தூள். இதை நான் கவுன்டரில் உரக்கச் சொன்னதும் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் சீட்டை மறுபடி வாங்கி, உள்ளே போய் 1 மில்லிகிராம் எடுத்துவந்தார். இந்த இரண்டு வருஷத்தில் நான் ஜெயித்த ஒரே சண்டை அது. ஸ்ட்ரிப்பைக் கடையிலேயே திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

பக்க விளைவு பற்றி எல்லாரும் கேட்பார்கள். சோதனைகளில் ஆண்மை தொடர்பான தொந்தரவு சொன்னவர்கள் 3.8 சதவீதம், வெற்று மாத்திரைக்காரர்களிலேயே 2.1 சதவீதம். எனக்கு அந்த வகையில் ஒன்றும் இல்லை. ஆனால் முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் "இன்னும் எல்லாம் சரியாக இருக்கிறதா" என்று என்னையே வேவு பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவே ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது. மனச்சோர்வு விஷயத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தற்கொலை எண்ணம் இதன் பக்க விளைவுதான் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் உறுதி செய்திருக்கிறது. ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்னொன்று, புராஸ்டேட்டுக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எண்ணை இது ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். வயதானவர்கள் பரிசோதனைக்குப் போகும்போது மருந்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது தண்டப் பயணம் நான் கனவிலும் நினைக்காதது. ஒரு நண்பனின் அப்பாவுக்கு ஆபரேஷன், ரத்தம் கொடுக்க அரை நாள் லீவு போட்டுப் போனேன். வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, எடை பார்த்து, விரலில் குத்தி, எல்லாம் முடிந்து படுக்கப் போகும் நேரத்தில், "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்கள். சொன்னேன். பேனாவை மூடிவிட்டார் அந்த அம்மா. கடைசி மாத்திரைக்கு அப்புறம் ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டுமாம், அந்த ரத்தம் கர்ப்பிணிக்குப் போய்விட்டால் என்ன செய்வது? நியாயம்தான். இதே வகை மருந்தான டூட்டாஸ்டரைட் சாப்பிடுகிறவர்களுக்கு ஆறு மாதம், அது உடம்பை விட்டு அவ்வளவு மெதுவாகப் போகும். நண்பனிடம் என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் "எடை பத்தலேன்னுட்டாங்க" என்று புளுகினேன். என் உருவத்தைப் பார்த்தவன் எவனும் அதை நம்பமாட்டான்.

படம் எடுக்கும் விஷயம். பழைய படம் இல்லாததால் டாக்டர் அன்றிலிருந்தே புதிதாக எடுக்கச் சொன்னார். மாதம் ஒரு தரம், ஒரே இடம், ஒரே விளக்கு, காய்ந்த முடி. நான் தரையில் ஒரு டேப் துண்டு ஒட்டி அதில் நின்று எடுக்கிறேன். புருவத்தை உயர்த்தினால் நெற்றியில் விழும் மேல் சுருக்கத்திலிருந்து முடி ஓரம் வரை எத்தனை விரல் என்று பார்ப்பது இன்னும் நம்பகமானது, கேமரா மாதிரி அது பொய் சொல்லாது. ஒரு விரல் இடைவெளி என்றால் பெரும்பாலும் வயசுக்கு வந்த நெற்றிதான், வழுக்கை இல்லை, சும்மா இருங்கள். எனக்கு நடுவில் ஒரு விரல், மூலைகளில் மூன்று. தினமும் கண்ணாடி பார்ப்பதை விட்டொழித்தது எந்த மருந்தையும்விட நல்லது செய்தது.

மாத்திரை ஆரம்பித்துப் பதினெட்டு மாதம். நெற்றி நடுவில், ஓரத்துக்குப் பின்னால் இரண்டு விரற்கடைக்கு முடி நன்றாகவே தடித்திருக்கிறது, வெயிலில் நின்றால் தோல் தெரிவதில்லை. முடி வெட்டுகிறவர் தானாகவே "முன்னாடி அடர்த்தியாயிருக்கே தம்பி, என்ன போடறீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு வேலையே ஓடவில்லை. ஓரம் அதே இடத்தில் நிற்கிறது, ஒரு நூல்கூட மேலே போகவில்லை. கீழேயும் இறங்கவில்லை.

நிறுத்தினால்? மினாக்சிடிலை விட்டால் மூன்று நான்கு மாதத்திலும், மாத்திரையை விட்டால் ஒரு வருஷத்துக்குள்ளும் கிடைத்ததெல்லாம் போய்விடும். மூலைக்கு முடி நடலாமா என்று கேட்டேன். நடலாம், ஆனால் நட்ட முடிக்குப் பின்னால் இருக்கிற சொந்த முடி உதிர்ந்தால் முன்னால் ஒரு தீவு மட்டும் நிற்கும், அதனால் மாத்திரை எப்படியும் தொடர வேண்டும் என்றார். இன்னும் ஒரு வருஷம் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று அனுப்பிவிட்டார்.

வலது மூலை அப்படியே பளபளக்கிறது. இடது மூலையில், டாக்டர் மறக்கச் சொன்ன அதே இடத்தின் விளிம்பில், மூன்று முடி கறுத்து நிற்கிறது. எண்ணித்தான் சொல்கிறேன்.