பிளாகரிலேயே இருக்கிறேன்

வலைப்பதிவு ஆரம்பிக்கப் போகிறேன், வேர்ட்பிரஸ் நல்லதா பிளாகர் நல்லதா, இல்லை புதிதாக வந்திருக்கும் வேறு ஏதாவதா என்று யாராவது கேட்டால், என்ன எழுதப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. டொமைன் பெயர் இருக்கும், தீம் பிடித்து வைத்திருப்பார்கள், சிலர் லோகோவே வரைந்து வைத்திருப்பார்கள். பதிவு மட்டும் இனிமேல்தான்.

நான் பிளாகரில் எழுதுகிறேன். 1999-இல் பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் ஆரம்பித்து 2003-இல் கூகுள் வாங்கிய அதே பிளாகர்தான். அதிலேயே கிடைக்கிற சாதாரண வார்ப்புரு, வெள்ளைப் பின்னணி, மூன்று நான்கு குறிச்சொற்கள். பேருந்தில் போகும்போது போனில் குறிப்பாக எழுதி வைப்பேன், ராத்திரி மடிக்கணினியில் ஒட்டி, ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, வெளியிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். இதைச் சொன்னால் கணினித் துறை நண்பர்களின் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். "இன்னுமா பிளாகர்?" என்பார்கள். இன்னும்தான்.

தளத்தை நோண்டுவது ஏன் அவ்வளவு இனிக்கிறது என்று யோசித்தால் காரணம் சுலபமாகக் கிடைக்கிறது. அந்த வேலைக்கு முடிவு உண்டு. நிறத்தை மாற்றினால் மாறியது உடனே கண்ணுக்குத் தெரியும், மெனு சரியாக வந்துவிட்டால் வந்துவிட்டது, யாரும் வந்து உங்கள் மெனுவின் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை என்று சொல்லப்போவதில்லை. பதிவு அப்படியா? மூன்றாவது பத்தியில் நின்றுபோனால், அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பது நமக்கே தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்து டேபிலேயே அமைப்புகள் பக்கம் திறந்திருந்தால் கை தானாக அங்கேதான் போகும். எழுதுவது சார்ந்த வேலை என்பதால் மனசாட்சியும் உறுத்தாது, அதுதான் இதில் ஆபத்தே.

மென்பொருள்காரர்களிடம் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். தளம் கட்டும் கருவிகளில் 2008-இல் ஜெக்கில் வந்தது, 2013-இல் ஹ்யூகோ வந்தது, அதே ஆண்டு கோஸ்ட் வந்தது, அதற்கப்புறம் வந்தவற்றைக் கணக்கு வைத்துக்கொள்ள எனக்குப் பொறுமை இல்லை. ஒவ்வொன்றும் வரும்போது ஒரு கூட்டம் பெட்டி படுக்கையோடு கிளம்பும். அப்படிப்பட்ட தளத்தைத் திறந்தால் முதல் பதிவு "வணக்கம்", இரண்டாவது பதிவு "இந்தத் தளத்தை ஹ்யூகோவில் எப்படி அமைத்தேன்", மூன்றாவது பதிவு ஒன்றரை வருஷம் கழித்து "ஏன் ஹ்யூகோவிலிருந்து வெளியேறினேன்". இதில் கடைசிப் பதிவு பெரும்பாலும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கும், அதுதான் வேதனை. இத்தனை நன்றாக எழுதத் தெரிந்த மனிதர் அந்த ஒன்றரை வருஷத்தில் வேறு எதைப் பற்றியாவது எழுதியிருக்கலாம்.

கருவி மோசம் என்று சொல்லவில்லை. ஹ்யூகோ வேகமானது, அதில் வரும் தளம் வெறும் கோப்புகள் என்பதால் உடைக்கவும் ஆளில்லை. ஆனால் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த கணினியில் கட்டளை அடிக்கும் முனையத்தைத் திறந்து, கட்டளை அடித்து, ஏதோ ஒரு பதிப்பு பழசாகிவிட்டது என்று அது கோபித்துக்கொண்டு, அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் அந்தப் பிழை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றிவிடும். போனிலிருந்து இரண்டு நிமிடத்தில் திருத்த முடியாத தளத்தில் நான் தொடர்ந்து எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு முடியலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இடம் மாறுவதில் தனிச் செலவு வேறு இருக்கிறது, ஆங்கில வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாகரில் தமிழில் மட்டும் தலைப்பு வைத்தால் அது தலைப்பைக் கண்டுகொள்ளாமல் முகவரியில் 'பிளாக் போஸ்ட்' என்று போட்டுவிடும், அடுத்த பதிவுக்கு அதே பெயரோடு ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். முகவரியை நாமே தட்டச்சு செய்யும் வசதி வருவதற்கு முன்னால் பழைய பதிவர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள்: முதலில் ஆங்கிலத்தில் தலைப்பு வைத்து வெளியிட்டுவிட்டு, உடனே உள்ளே போய் தலைப்பைத் தமிழுக்கு மாற்றுவது. முகவரி ஆங்கிலத்திலேயே நின்றுவிடும்.

வேர்ட்பிரஸ் இதற்கு நேர் எதிர். தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கும். பார்க்க அழகுதான், ஆனால் அதை வெட்டி வாட்ஸப்பில் ஒட்டும்போது பாருங்கள். இணையத்தில் புழங்கும் யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்; முகவரிக்குள் சதவீதக் குறிகளோடு விரியும்போது அது ஒன்பது எழுத்தாகிவிடும். 'தமிழ்' என்ற மூன்றெழுத்தில் மி இரண்டு குறியீடு, ழ் இரண்டு குறியீடு, ஆக மொத்தம் ஐந்து குறியீடு, 45 எழுத்து நீளம். வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து எடுக்கும் பகுதிக்கு 200 எழுத்து என்று வரம்பு இருப்பதால், கொஞ்சம் நீளமான தமிழ்த் தலைப்பு இருபத்திச் சொச்சம் குறியீட்டோடு அறுந்து தொங்கும். இப்போது பத்து வருஷப் பதிவுகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால், பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். திருப்பவில்லை என்றால், எப்போதோ யாரோ தங்கள் பதிவில் கொடுத்த இணைப்பெல்லாம் வெறும் பக்கத்தில் போய் முட்டும். எனக்கு அந்த வேலையை நினைத்தாலே கொட்டாவி வருகிறது.

உழைப்பைப் போட வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது தட்டச்சு. 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையை ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினால் அப்புறம் கை யோசிக்காது. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும், ஆகவே அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கும் முறையும் மோசமில்லை, நீண்ட நாள் பழகியவர்கள் அதில் பறக்கிறார்கள். எதுவானாலும் போனிலும் கணினியிலும் ஒரே முறை என்று வைத்துக்கொண்டால் போதும். எழுதும் வேகத்தைத் தீமா கூட்டும்?

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், எல்லாருடைய புதுப் பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் என்ற திரட்டி 2004-இல் வந்த பிறகு பதிவுகள் எப்படிக் கொட்டின என்று. பெரும்பாலானோர் அதே பிளாகர், அதே நாலைந்து வார்ப்புருக்கள், தட்டச்சுக்கு இ-கலப்பை. பார்க்க எல்லாத் தளமும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். மொக்கைப் பதிவும் உண்டு, பின்னூட்டத்தில் விடிய விடிய கும்மியும் உண்டு, நடுவில் அருமையான பதிவுகளும் உண்டு. அப்புறம்தான் ஓரப்பட்டையில் கடிகாரம் வந்தது, வருகையாளர் வரைபடம் வந்தது, பனி கொட்ட ஆரம்பித்தது, திறந்தவுடன் பாட்டு பாடும் தளங்கள் வந்தன. ஆபீசில் அப்படி ஒரு தளத்தைத் திறந்து மாட்டிக்கொண்டவர்கள் கையைத் தூக்கலாம். எழுத்து குறைந்ததற்கு அந்தச் சாமான்கள் காரணம் என்று சொல்ல மாட்டேன், பேஸ்புக்கும் டுவிட்டரும் ஆட்களை இழுத்துக்கொண்டு போனதுதான் பெரிய காரணம். ஆனால் கடைசிவரை தாக்குப்பிடித்து எழுதியவர்களில் எனக்குத் தெரிந்த பலரின் தளத்தில் சாமான் கம்மி.

ஜான் குரூபர் என்பவர் 2002-இலிருந்து டேரிங் ஃபயர்பால் என்ற தளத்தை நடத்துகிறார். ஆரம்பத்தில் அவரைப் போலவே பலரும் மூவபிள் டைப் என்ற வலைப்பதிவு மென்பொருளில் இருந்தார்கள். 2004-இல் அதன் உரிம விதிகள் மாறியதும் ஒரு பெருங்கூட்டம் வேர்ட்பிரஸ் பக்கம் ஓடியது. இவர் ஓடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே 2004-இல் அவர் வெளியிட்ட மார்க்டவுன், அதாவது வெறும் எழுத்திலேயே தலைப்பு, இணைப்பெல்லாம் குறித்துவிடும் முறைதான் இன்றைக்கு ஜெக்கில், ஹ்யூகோ எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஊருக்கெல்லாம் இடம் மாற வசதி செய்து கொடுத்துவிட்டு மனிதர் இருந்த இடத்திலேயே எழுதிக்கொண்டிருந்தார். எதிர் உதாரணமும் உண்டு, டேவ் வைனர் 1997-இலிருந்து எழுதுகிறார், கருவியை மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஆனால் அவருக்குக் கருவி செய்வதே தொழில்.

சரி, கூகுள் ஒருநாள் பிளாகரை மூடிவிட்டால்? நியாயமான கேள்விதான். 2013 ஜூலையில் கூகுள் ரீடரை மூடியவர்கள், 2019-இல் கூகுள் பிளஸ்ஸை மூடியவர்கள், இதையும் மூடலாம். அதற்கு நான் செய்திருப்பது இரண்டு வேலை. முகவரி என் சொந்த டொமைனில் இருக்கிறது, பிளாகர் அதற்குக் காசு கேட்பதில்லை, டொமைனுக்கு மட்டும் வருஷா வருஷம் கட்டினால் போதும். அப்புறம் மாதக் கடைசியில் மொத்தப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்கிறேன். மூடுகிற அன்றைக்கு அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை அந்தக் கவலையை நான் எதற்குச் சுமக்க வேண்டும்? மாதக் கட்டணச் செய்திமடல் நடத்துகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், நாலு பேர் சேர்ந்து இதழ் நடத்துகிறவர்கள் நிலைமை வேறு. அவர்களுக்கு வேர்ட்பிரஸ் போல ஒன்று கட்டாயம் தேவைப்படும், அவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

நோண்டும் ஆசை எனக்கும் இல்லாமலில்லை. அதற்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன், போகி. வருஷம் முழுக்க என்ன தோன்றினாலும், எழுத்துருவோ நிறமோ ஓரப்பட்டையோ, ஒரு பட்டியலில் எழுதி வைத்துவிட்டு வந்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். போகியன்று பட்டியலை எடுத்தால் பாதி எதற்காக எழுதினேன் என்றே புரியாது, அடித்துவிடுவேன். மிச்சத்தில் ஒன்றிரண்டைச் செய்வேன். இந்த முறை பட்டியலில் உருப்படியாக இருப்பது எழுத்தின் அளவைக் கூட்டுவது மட்டும்தான், போனில் படிக்கக் கண் வலிக்கிறது என்று அம்மா சொன்னார். அதற்குப் போகி வரைக்கும் காத்திருப்பது கொஞ்சம் ஓவர் என்பதால் நேற்றே மாற்றிவிட்டேன்.