கமிட்டியில் அந்த டீச்சர் கேட்ட கேள்வி

மருந்து ஆராய்ச்சியில் எது நியாயம், எது அநியாயம் என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டால், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் ஹெல்சிங்கி பிரகடனம், 1964 என்று டக்கென்று ஒப்பிப்பார்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆராய்ச்சிக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த நெறிகள் அது. நானும் அதையெல்லாம் படித்துவிட்டுத்தான், மருந்துச் சோதனைகளை ஒருங்கிணைக்கும் ட்ரையல் கோஆர்டினேட்டராக வந்தேன். சோதனை நியாயமாக நடக்குமா என்று பார்த்து அனுமதி தரும் ஆஸ்பத்திரி எதிக்ஸ் கமிட்டிக்குக் கோப்பு தயார் செய்ய ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வேறு மாதிரி தெரிந்தது.

இந்தியாவின் 2019 மருந்துச் சோதனை விதிகளின்படி கமிட்டியில் குறைந்தது 7 பேர் வேண்டும். அதில் பாதிப் பேராவது வெளியாட்கள், தலைவரும் வெளியாள், அப்புறம் சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத சாதாரண மனிதர் ஒருவர். எங்கள் கமிட்டியில் அந்தக் கடைசி இடத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். டாக்டர்கள் புள்ளிவிவரம் பேசி ஓய்ந்ததும், "ராத்திரி ரெண்டு மணிக்கு காய்ச்சல் வந்தா இந்த நம்பரை யார் எடுப்பாங்க?" என்று கேட்டார். சோதனையில் சேருகிறவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் இருந்தது ஆபீஸ் லேண்ட்லைன், சாயங்காலத்துக்கு மேல் அடித்துக்கொண்டே இருக்கும். கோப்பு திரும்பி வந்தது, எனக்கு அப்போது எரிச்சல்தான்.

விதிகளும் யாரோ உட்கார்ந்து யோசித்து மட்டும் வந்துவிடவில்லை. 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்ட திட்டத்தில், பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தைப் பல இடங்களில் விடுதி வார்டன்களே போட்டிருந்தார்கள். சில பிள்ளைகள் இறந்ததற்கும் ஊசிக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது, சரி. ஆனால் அப்போதே மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரின் வழிகாட்டி நெறிகள் அச்சில் இருந்தன, எதிக்ஸ் கமிட்டிகளும் இருந்தன. சத்தம் போட்டது பெண்கள் அமைப்புகளும் சுகாதார ஆர்வலர்களும். இந்தூரைச் சேர்ந்த ஒரு மக்கள் அமைப்பு, மருந்துச் சோதனைகளைப் பற்றிப் பொதுவாகவே 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கமிட்டிகள் பதிவு செய்தே ஆக வேண்டும், ஒப்புதல் வாங்குவதை வீடியோ எடுக்க வேண்டும் என்பதெல்லாம் 2013-ல் வந்தவை.

அந்த வீடியோவை எடுக்கிறவள் நான். கேமராவைப் பார்த்ததும் ஆட்கள் விறைத்துப் போகிறார்கள், அம்மாவிடம் கேட்டால் மகன் பதில் சொல்கிறார், "டாக்டர் சொன்னா சரிதாம்மா" என்று முடித்துவிடுகிறார்கள். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வதா, இன்னொரு நாள் வரச் சொல்வதா என்பதை அந்த நேரத்தில் நான்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, எந்தப் பிரகடனமும் பக்கத்தில் வந்து நிற்பதில்லை. நான் பெரும்பாலும் வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்வேன். ஆள் சேர்க்கும் கணக்கு குறைகிறது என்று கம்பெனியிலிருந்து மெயில் வரும், வரட்டும்.

ட்ரையலில் இருந்துவிட்டுப் போன நோயாளி ஒருவரை அந்த டீச்சர் இடத்தில் உட்கார வைக்கலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்கு இதெல்லாம் புரியுமா என்றார்கள். படிவத்தில் மட்டும் 'எல்லாம் புரிந்தது' என்று அவர்களிடம்தான் கையெழுத்து வாங்குகிறோம்.